குமரியிலிருந்து வானியற்பியலுக்கு: பேராசிரியர் வேலை வரை ஒரு வழிகாட்டி

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்கு வந்தால் போதும், இரண்டாம் நாளே யாராவது ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். போன முறை வந்தது பக்கத்து விளை மாமா. "மக்களே, இவளுக்கு ஸ்பேஸுன்னா உயிரு. இஸ்ரோல சேர என்ன படிக்கணும்னு ஒண்ணு சொல்லிக் குடு."

அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. மேல சரக்கல்விளையில் பிறந்த கே. சிவன், மேலக்காட்டுவிளையில் பிறந்த வி. நாராயணன் என்று இரண்டு இஸ்ரோ தலைவர்கள் வந்த மாவட்டம் இது. மலைக்கு அந்தப் பக்கம் மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜினை எரித்துப் பார்க்கிறார்கள். திருவனந்தபுரம் தாண்டினால் தும்பா. ஆக, வானம் என்றாலே நமக்கு ராக்கெட்தான். ஆனால் அந்தப் பிள்ளையிடம் பேசிப் பார்த்ததில் அவளுக்கு ராக்கெட் மேல் அப்படி ஒன்றும் ஆசை இல்லை. திருவாதிரை நட்சத்திரம் வெடிக்கப் போகிறது என்று யூடியூபில் பார்த்திருக்கிறாள். எப்போது வெடிக்கும், அதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் அவள் கேள்வி.

அது வானியற்பியல். ராக்கெட் கட்டப் போகிறவர்கள் பொறியியல் பக்கம் போக வேண்டும், இதற்கு இயற்பியல் பக்கம். பிளஸ் டூ முடித்த கையோடு இரண்டும் பிரிந்துவிடும். இதைத் தெரியாமல் பொறியியலில் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் எனக்கு மெயில் போடும் பிள்ளைகள் நிறையப் பேர். திரும்பி வர வழி உண்டு, ஆனால் சுற்று வழி.

ஒரு சாயா குடிக்கிற நேரத்தில் அவளிடம் சொல்ல முடியாமல் போனதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். நான் குலசேகரம் பக்கம். அப்பா விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர். இப்போது வெளியூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் பேராசிரியராக இருக்கிறேன். ரேடியோ வானியல் என் துறை.

முதலில், இது என்ன வேலை?

டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்க்கும் வேலை என்று நினைத்து வர வேண்டாம். என் போன வாரத்தைச் சொல்கிறேன். திங்கள் காலை எம்எஸ்சி வகுப்பு, அப்புறம் பிஎச்டி மாணவர்கள் நான்கு பேரோடு ஆளுக்கு ஒரு மணி நேரம். அவர்கள் போட்ட கிராஃப் ஏன் இந்த இடத்தில் வளைகிறது என்று இரண்டு பேருமாக முறைத்துப் பார்ப்போம். செவ்வாய் தென்னாப்பிரிக்கக் குழுவோடு ஜூம். புதன் முழுக்க, வேறு யாரோ எழுதிய ஆய்வுக் கட்டுரையை ஒரு ஆய்விதழுக்காகப் படித்துக் குறை நிறை எழுதினேன். வியாழனும் வெள்ளியும் ஒரு சர்வர் வாங்குகிற ஃபைல் தின்றுவிட்டது. என் சொந்த ஆராய்ச்சி நடந்தது ஞாயிறு மதியம், மூன்று மணி நேரம்.

இதைக் கேட்டும் ஆசை போகவில்லை என்றால் மேலே படியுங்கள். வயதுக் கணக்கையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ 17 வயதில், எம்எஸ்சி 22இல், பிஎச்டி 27, 28இல், அதன்பின் ஊர் ஊராகத் தற்காலிக ஆய்வு வேலைகள், நிரந்தர வேலை பெரும்பாலும் 32க்கு மேல். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது இந்தக் கணக்கு உதவும்.

இந்தப் பாதையில் ஒவ்வொரு கதவும் இரண்டு சாவியால்தான் திறக்கிறது. நீங்கள் முழுசாகச் செய்து முடித்த ஒரு சின்ன வேலை, அதைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் எழுதித் தரும் கடிதம். மதிப்பெண் கதவு வரைக்கும் கூட்டிக்கொண்டு வரும், அவ்வளவுதான். கீழே சொல்லும் எல்லாப் படியிலும் இந்த இரண்டும் வந்துகொண்டே இருக்கும்.

படி 1: மொட்டை மாடியில் ஆரம்பியுங்கள் (பள்ளி)

டெலஸ்கோப் வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு பழைய லேப்டாப் வாங்குங்கள்.

டிசம்பர், ஜனவரியில் வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு முன்னிரவில் வடக்கே பாருங்கள். ஆறாமீன் கூட்டத்துக்குச் சற்று வடமேற்கே அல்கால் என்று ஒரு நட்சத்திரம் இருக்கும். ஸ்டெல்லாரியம் ஆப் இடத்தைக் காட்டிவிடும். இந்த அல்கால் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கும். மங்கித் தெளிய ஏறக்குறைய 10 மணி நேரம். உண்மையில் அங்கே ஒன்றையொன்று சுற்றும் நட்சத்திரங்கள் இருக்கின்றன. மங்கலானது வெளிச்சமானதன் குறுக்கே வரும்போது நமக்கு ஒளி குறைகிறது. வழக்கமாக அதன் ஒளியளவு 2.1, அடிமட்டத்தில் 3.4 (எண் கூடினால் மங்கல் என்று அர்த்தம்). வெறும் கண்ணாலேயே வித்தியாசம் தெரியும்.

தினமும் ஒரே நேரத்தில், பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, எதைவிடப் பிரகாசம், எதைவிட மங்கல் என்று நோட்டில் எழுதுங்கள். 30 இரவு போதும். மேகம் மூடிய நாளில் "மேகம்" என்று எழுதுங்கள், இட்டுக்கட்டி எண் போடாதீர்கள். பிறகு ஒவ்வொரு பதிவும் அந்த 2 நாள் 20 மணி 49 நிமிடச் சுற்றில் எந்த இடத்தில் விழுகிறது என்று மடித்து ஒரே வரைபடத்தில் புள்ளி வைத்தால், நடுவில் ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்தை உங்கள் கண்ணால் அளந்தது நீங்கள். ஆய்வு என்றால் அடிப்படையில் இதுதான். நான் இன்று செய்வதும் இதேதான், கருவி மட்டும் பெரிசு.

நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. கன்னியாகுமரி 8 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் துருவ நட்சத்திரம் வடக்கே அடிவானத்தை ஒட்டியும், தென்சிலுவை தெற்கே கடலுக்கு மேல் 20 டிகிரிக்கு மேலேயும் தெரியும். அகத்தியர் நட்சத்திரம் அதைவிட உயரத்தில் பளிச்சென்று நிற்கும். டெல்லிக்காரருக்கு இவ்வளவு தெற்கு வானம் கிடையாது.

பள்ளியில் இருக்கும்போதே எழுத வேண்டிய தேர்வு ஒன்று: நவம்பர் வாக்கில் நடக்கும் தேசிய வானியல் தேர்வு, என்எஸ்ஈஏ என்பார்கள். இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நடத்துகிறது. அதில் தேறி மேலே போனால் ஒலிம்பியாட் முகாம். போகாவிட்டாலும் பரவாயில்லை, பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தாலே எது தெரியவில்லை என்று தெரிந்துவிடும்.

படி 2: எங்கே படிப்பது

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் கட்டாயம். அதற்கு மேல் இரண்டு வகை வழி.

ஒன்று, அறிவியல் படிப்புக்கான ஐசர், நைசர், விண்வெளிப் படிப்புக்கான ஐஐஎஸ்டி போன்ற தேசிய நிறுவனங்கள். நமக்கு அடுத்த மாவட்டம் போலத்தான் திருவனந்தபுரம். விதுரையில் ஐசர் இருக்கிறது, வலியமலையில் ஐஐஎஸ்டி இருக்கிறது. ஐசருக்கு ஐஏடி என்ற நுழைவுத் தேர்வு. அதில் 60 கேள்வி: இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் 15, 15. உயிரியல் எடுக்காமல் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பிள்ளைகள் இந்த இடத்தில்தான் முழிப்பார்கள். பதினொன்றாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தை மட்டும் படித்தாலே கொஞ்சம் தேறலாம். ஐஐஎஸ்டிக்கு ஜேஈஈ அட்வான்ஸ்டு ரேங்க் வேண்டும்.

இரண்டாவது, நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு கல்லூரியில் பிஎஸ்சி இயற்பியல். இதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். நானும் அப்படி வந்தவன்தான். திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி காலேஜில் பிஎஸ்சி, எம்எஸ்சி படித்த தாணு பத்மநாபன் பிஎஸ்சி மாணவராக இருக்கும்போதே பொதுச் சார்பியலில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர். பிற்பாடு புனேயில் ஐயூகா என்னும் வானியல் ஆய்வு மையத்தில் பேராசிரியராகி, உலகம் முழுக்கப் படிக்கிற பாடப்புத்தகங்களை எழுதினார். கல்லூரியில் வானியல் பாடம் இல்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு பதில்: வேண்டியதே இல்லை. இயந்திரவியல், மின்காந்தவியல், குவாண்டம், வெப்ப இயற்பியல் நான்கையும் கரைத்துக் குடியுங்கள். 1930இல் மும்பையிலிருந்து கப்பலில் இங்கிலாந்து போன 19 வயதுச் சந்திரசேகர், எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெள்ளைக் குள்ள நட்சத்திரத்தின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்று வழியிலேயே கணக்குப் போட்டது புள்ளியியல் இயற்பியலையும் சார்பியலையும் வைத்துத்தான். 1983இல் நோபல் வந்தது.

பிளஸ் டூவில் தம் பாடத்திட்டத்தில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் எடுத்தால் இன்ஸ்பையர் உதவித்தொகை உண்டு, ஆண்டுக்கு 80,000 ரூபாய். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விட்டவர்களை எனக்கே தெரியும்.

கல்லூரியில் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியது மூன்று: லினக்ஸ் இயங்குதளம், பைத்தான் நிரல்மொழி, கட்டுரையை அச்சுக் கோக்கும் லேட்டெக். மூன்றும் இலவசம். கையா செயற்கைக்கோளின் நட்சத்திரப் பட்டியல், டெஸ் விண்தொலைநோக்கியின் தரவு, நம் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் தரவு எல்லாம் இணையத்தில் திறந்து கிடக்கின்றன. இரணியலில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஹார்வர்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் அந்த டேட்டா ஒன்றுதான்.

படி 3: அந்த ஒரு கோடை விடுமுறை

என்னைக் கேட்டால் மொத்தப் பாதையிலும் முக்கியமான இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாக.

பிஎஸ்சி இரண்டாம் ஆண்டிலோ எம்எஸ்சி முதல் ஆண்டிலோ, ஒரு கோடையை ஓர் ஆய்வு நிறுவனத்தில் கழிக்க வேண்டும். இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்தொகை தருகின்றன. அதற்கு நவம்பர் வாக்கில் விண்ணப்பிக்க வேண்டும். ஐயூகாவும், புனேயிலேயே உள்ள ரேடியோ வானியல் மையமான என்சிஆர்ஏவும் தனித்தனியாகக் கோடைத் திட்டம் நடத்துகின்றன. பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனம் கொடைக்கானலில் கோடைப் பள்ளி நடத்துகிறது, 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகத்தில். நம் பிள்ளைகளுக்குத் தேதிதான் எமன். பரீட்சை முடிந்து ஏப்ரலில் "சார், சம்மர் ப்ராஜெக்ட் இருக்கா" என்று கேட்பார்கள். வண்டி வடசேரியை விட்டுப் போய் ஐந்து மாதம் ஆகியிருக்கும்.

திட்டங்களில் இடம் கிடைக்காவிட்டால் பேராசிரியர்களுக்கு நேரடியாக மெயில் போடலாம். எனக்கு வருகிற மெயில்களில் பாதி இப்படி இருக்கும்: "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி பேஷனேட் அபவுட் பிளாக் ஹோல்ஸ். கைண்ட்லி கிவ் மீ இன்டர்ன்ஷிப்." நான் கருந்துளையில் வேலை செய்வதே இல்லை. அதே மெயில் 60 பேருக்குப் போயிருப்பது பார்த்தாலே தெரியும்.

சில ஆண்டுக்கு முன் கருங்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு மெயில் வேறு மாதிரி இருந்தது. மொத்தம் ஆறு வரி. நான் இந்தக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. உங்கள் கட்டுரையில் மூன்றாவது படத்தில் இரண்டு புள்ளி மட்டும் கோட்டுக்கு வெளியே ஏன் நிற்கிறது என்று புரியவில்லை. நான் அல்காலை 41 இரவு பார்த்து வரைந்த வரைபடமும், அதை மடிக்க எழுதிய பைத்தான் நிரலும் இந்த இணைப்பில் இருக்கின்றன. மே, ஜூனில் வர முடியும். தங்குமிடம் நானே பார்த்துக்கொள்வேன். நன்றி. அந்த இரண்டு புள்ளி விஷயத்தில் எனக்கே திருப்தி இல்லாமல்தான் இருந்தது. அன்றைக்கே பதில் போட்டேன்.

பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் வராவிட்டால் அடுத்தவர். மனசு விட வேண்டாம், மெயில் மலையில் புதைந்திருக்கும்.

போய்ச் சேர்ந்த பிறகு, கொடுத்த வேலை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் முடித்து, ஐந்து பக்க அறிக்கையாக எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பாதியில் விட்ட பெரிய வேலைக்குக் கடிதம் எழுத எனக்குக் கை வராது.

படி 4: தேர்வுகள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பிஎஸ்சி கடைசி ஆண்டில் ஐஐடி ஜாம் என்ற நுழைவுத் தேர்வு: எம்எஸ்சிக்கும், சில இடங்களில் பிஎச்டியோடு சேர்ந்த படிப்புக்கும். எம்எஸ்சி கடைசி ஆண்டில் ஜெஸ்ட், சிஎஸ்ஐஆர் நெட், கேட், மும்பை டாடா ஆய்வு நிறுவனமான டிஐஎஃப்ஆரின் தேர்வு ஆகியவை. நெட் ஆண்டுக்கு இரண்டு முறை. ஒவ்வொரு நிறுவனமும் எந்த மதிப்பெண்ணை ஏற்கும் என்பது வேறுபடும், ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்யும். செப்டம்பரிலேயே உட்கார்ந்து ஒரு அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் என் கதையைக் கேளுங்கள். ஓர் அலுவலகத்தில் என் கடைசி செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் மூன்று மாதம் தூங்கியது. நேரில் நான்கு தடவை போனேன். "நாளைக்கு வா" என்றார்கள். அதற்குள் ஒரு நிறுவனத்தில் கிடைத்த இடம் கைவிட்டுப் போய்விட்டது. அன்றிலிருந்து என் மாணவர்களுக்குச் சொல்வது: ஒவ்வொரு செமஸ்டர் முடிவும் வந்த அன்றே பதிவிறக்கி வையுங்கள். தற்காலிகச் சான்றிதழுக்கு முதல் நாளே எழுதிக் கொடுங்கள். தாமதமானால் சேர வேண்டிய இடத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை, வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

நேர்காணலில் கரும்பலகைக்கு அழைப்பார்கள். "சூரியனின் மொத்த ஒளி மாறாமல், ஆரம் மட்டும் இரண்டு மடங்கானால் மேற்பரப்பு வெப்பம் என்ன?" இப்படி இருக்கும் கேள்வி. பரப்பு நான்கு மடங்கு ஆகும். ஒளி வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆக வெப்பநிலை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுபடும், 5,800 கெல்வின் 4,100 பக்கம் வரும். விடையைவிட, அங்கே போய்ச் சேரும் வழியை வாய்விட்டுச் சொல்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் ஆங்கிலத்துக்குப் பயப்படுவார்கள். உடைந்த ஆங்கிலமும் சரியான படமும் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர்களை நான் ஒருபோதும் அதற்காகக் கழித்ததில்லை.

படி 5: பிஎச்டி

முதலில் வீட்டுக்காரர்களுக்கு: ஜேஆர்எஃப் என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்துப் பிஎச்டி சேர்ந்தால் காசு நமக்குத்தான் வரும். 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000, அதோடு வீட்டு வாடகைப் படியோ விடுதியோ. "இன்னும் எத்தனை வருஷம் நாங்க ஃபீஸ் கட்டணும்" என்று கேட்கும் அப்பாக்களுக்காக இதை எழுதினேன்.

நிறுவனத்தைவிடக் கைடுதான் முக்கியம். அவரிடம் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை ஆண்டில் முடித்தார்கள், மாணவர் பெயர் கட்டுரையில் முதலில் வருகிறதா என்று பாருங்கள். அவரிடம் இப்போது படிப்பவர்களோடு தனியாகச் சாயா குடியுங்கள். அவர்கள் யோசித்து யோசித்துப் பேசினால் புரிந்துகொள்ளுங்கள்.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் இரவைச் சொல்கிறேன். புனேக்கு வடக்கே நாராயண்காவ் அருகே ஜிஎம்ஆர்டி என்னும் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலமுள்ள 30 ரேடியோ ஆன்டெனாக்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எந்தப் பொருளை எதற்காக எத்தனை மணி நேரம் பார்க்க வேண்டும் என்று எழுதி விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு இரண்டாம் ஆண்டில் பத்து மணி நேரம் கிடைத்தது. ரேடியோ வலிமை துல்லியமாகத் தெரிந்த 3சி 48 என்ற வான்பொருளை முதலில் பத்து நிமிடம் பார்த்து அளவுகோலைச் சரிசெய்தோம். பிறகு நான் ஆராய வந்த விண்மீன் மண்டலம் (கேலக்ஸி), அரை மணிக்கு ஒருமுறை பக்கத்தில் அளவு சரிபார்க்க ஒரு பொருள், மறுபடி மண்டலம். காலை நாலு மணிக்குக் காற்று ஏறியது. ஆன்டெனாக்களை எல்லாம் வானத்தைப் பார்க்க நிமிர்த்திப் பூட்டிவிட்டார்கள். ஆரல்வாய்மொழியில் காற்று அடித்தால் காசு. எனக்கு அன்று இரண்டரை மணி நேரம் போச்சு.

டேட்டாவைப் படமாக்க நான்கு மாதம் ஆனது. படத்தில் என் மண்டலத்தைச் சுற்றி வரிவரியாக அழகான கோடுகள். புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் தூங்கவில்லை. கைடு பார்த்துவிட்டுச் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "ஒவ்வொரு ஆன்டெனாவா எடுத்துட்டுப் படம் போடு, கோடு எப்போ போகுதுன்னு பாரு" என்றார். பதினேழாவது ஆன்டெனாவை எடுத்ததும் கோடு போய்விட்டது. ஒரு கேபிள் கோளாறு. மிச்சம் இருந்தது ஒரு மங்கலான, வட்டமான, சாதாரண மண்டலம். என் முதல் கட்டுரை அந்தச் சாதாரண மண்டலத்தைப் பற்றித்தான்.

நடுவில் மூன்றாம் ஆண்டு என்று ஒன்று வரும். எதுவும் நகராது, கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்க் கார் வாங்குவார்கள். எல்லோருக்கும் வருவது அது. அப்போது ஒரு சின்ன வேலையை எடுத்து முடித்துக் கட்டுரையாக அனுப்புவதைத் தவிர வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை. விட்டுவிட்டுப் போனாலும் அவமானம் இல்லை. இந்த டேட்டா வேலை தெரிந்தவர்களுக்கு வெளியே நல்ல சம்பளம் கொடுக்கிறார்கள்.

படி 6: போஸ்ட்டாக்

பிஎச்டி முடித்ததும் இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வேறொரு குழுவில் ஆய்வு. பெரும்பாலும் வெளிநாடு, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. விளம்பரங்கள் அமெரிக்க வானியல் கழகத்தின் வேலைப் பட்டியலில் வரும். கடைசித் தேதிகள் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் குவியும். நான் முதல் ஆண்டில் 43 இடத்துக்கு விண்ணப்பித்து இரண்டு பதில் பெற்றேன். ஒன்று கேப்டவுன். அங்கே 64 ஆன்டெனாக்கள் கொண்ட மீர்காட் ரேடியோ தொலைநோக்கி வரப்போகிற நேரம்.

கேட்பது மூன்று பேர் கடிதம். கைடு ஒருவர் சரி, மற்ற இருவர்? இங்கேதான் பலர் மாட்டுவார்கள். பிஎச்டி காலத்திலேயே வேறு நிறுவனத்தில் ஒருவரோடாவது சேர்ந்து ஒரு வேலை முடித்திருந்தால் இந்தச் சிக்கல் வராது. இந்திய வானியல் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போய், போஸ்டர் பக்கத்தில் மணிக்கணக்கில் நின்று பேசுவது இதற்காகத்தான்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்தக் கட்டத்தில்தான் "போதும், திரும்பி வா" என்பார்கள். பத்து வருஷம் படித்து, பலன் வரப்போகிற நேரத்தில் நிறுத்தச் சொல்வது பால் வெட்டி, சிரட்டை நிறைந்த பிறகு எடுக்காமல் வருவது மாதிரி. மாமாவிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை.

படி 7: நிரந்தர வேலை

திரும்பி வர இன்ஸ்பையர் ஃபேகல்டி, ராமானுஜன் ஃபெலோஷிப் போன்ற திட்டங்கள் பாலமாக உதவும். வயது வரம்பைக் கவனியுங்கள். ஐஐடி, ஐசர், ஆய்வு நிறுவனங்கள் எல்லாம் ஒரு கருத்தரங்க உரை கேட்கும். அதில் நான் என்ன செய்தேன் என்று நாற்பது நிமிடம் பேசிவிட்டு, அடுத்த ஐந்து ஆண்டில் என்ன செய்வேன் என்பதற்கு ஒரே ஒரு ஸ்லைடு காட்டினால் போச்சு. அவர்கள் அந்த ஒரு ஸ்லைடுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. நம் மாவட்டத்திலேயே கல்லூரி உதவிப் பேராசிரியராகி, ஐயூகாவின் அசோசியேட் திட்டத்தில் சேர்வது. 1988இல் ஐயூகாவைத் தொடங்கியதே பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்கள் வந்து ஆராய்ச்சி செய்ய ஓர் இடம் வேண்டும் என்றுதான். விடுமுறையில் புனே போய்க் கணினி, நூலகம், கூட்டாளிகள் எல்லாவற்றையும் பயன்படுத்திக்கொள்ளலாம். கன்னியாகுமரியிலிருந்து புனேக்கு நேரடி ரயிலே இருக்கிறது. இதை இரண்டாம் தரமாக நினைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. எனக்கு பிஎஸ்சியில் குவாண்டம் நடத்திய ஆசிரியர் இப்படி ஒருவராக இருந்திருந்தால் நான் மூன்று ஆண்டு முன்னதாகவே வழி தெரிந்து போயிருப்பேன்.

படி 8: குழுவை நடத்துவது

பேராசிரியர் ஆன பிறகு ஒருநாள், நீங்கள் நிரல் எழுதி ஆறு மாதம் ஆகிறது என்று தெரியவரும். அன்றைக்கு நீங்கள் ஆய்வுத் தலைவர்.

இதை எப்படிச் செய்வது என்பதற்கு நம் நாட்டில் நல்ல உதாரணம் ரேடியோ வானியலாளர் கோவிந்த் சுவரூப். 1963இல் ஹோமி பாபா அழைத்து டிஐஎஃப்ஆருக்கு வந்தார். கையில் இருந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த 32 சின்னக் கிண்ண ஆன்டெனாக்கள். அவற்றை மும்பைக்கு அருகே கல்யாணில் நிறுத்தி, இளைஞர்களைப் பழக்கினார். அடுத்து ஊட்டிக்கு அருகே முத்தொரையில் ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார். அந்த இடத்தின் அட்சரேகை 11 டிகிரி, சரிவும் 11 டிகிரி. ஆக, சரிவின் மேல் படுத்த தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. 530 மீட்டர் நீளக் கருவியை ஒரே அச்சில் உருட்டினால் போதும், வானம் நகர நகர ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஒரு பொருளைத் தொடரலாம். 1970இல் முடிந்தது. நம் மாவட்டத்தில் வைத்திருந்தால் எட்டு டிகிரிச் சரிவு தேட வேண்டியிருக்கும், அருவிக்கரைப் பக்கம் எங்காவது கிடைத்திருக்கும்.

ஜிஎம்ஆர்டியில் அவர் செய்தது எனக்கு இன்னும் பிடித்தது. 45 மீட்டர்க் கிண்ணத்தைத் தகட்டால் செய்தால் எடை, விலை, காற்றின் அழுத்தம் எல்லாம் எகிறும். அதனால் கயிறுகளை இழுத்துக் கட்டி அதன்மேல் கம்பி வலையை விரித்தார்கள். குளச்சல்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். வலையின் கண்ணி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது எந்த மீனைப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ரேடியோ அலையின் நீளத்தைவிடக் கண்ணி நன்றாகச் சிறிசாக இருந்தால் அந்த அலைக்கு வலை கெட்டிச் சுவர் மாதிரி, காற்றுக்கு மட்டும் ஓட்டை.

சிறிசாகத் தொடங்கி முடித்துக் காட்டி, கூட இருப்பவர்களை வளர்த்து, அடுத்த பெரிசைக் கேட்பது: அவர் செய்த வரிசை அது. மானியத்துக்கு எழுதும்போதும் இதே வரிசைதான் வேலை செய்கிறது. மற்றபடி, மார்ச் 31க்குள் செலவுக் கணக்கு, ஜெம் போர்ட்டலில் கொள்முதல், கட்டுரையில் யார் பெயர் முதலில் என்ற சண்டை. கடைசியில் சொன்னதை வேலை தொடங்கும் அன்றே எல்லோர் முன்னாலும் பேசித் தீர்த்துவிடுங்கள். முடிந்த பிறகு பேசினால் தீராது.

இன்று பிளஸ் டூவில் இருப்பவர்கள் பிஎச்டிக்கு வரும்போது எஸ்கேஏ என்னும் மாபெரும் ரேடியோ தொலைநோக்கி ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எழுந்துகொண்டிருக்கும். இந்தியா அதில் பங்குதாரர், 1,250 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் ஈர்ப்பலைகளை அளக்கும் லைகோ இந்தியா ஆய்வகமும் வருகிறது. ஆள் வேண்டும்.

என்னிடம் கடிதம் கேட்க நினைப்பவர்களுக்கு, என்னிடம் மட்டும் இல்லை, யாரிடம் கேட்டாலும்: கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே கேளுங்கள். எந்த இடம், எந்தத் தேதி, எந்த இணைப்பு என்று ஒரே பட்டியலாக அனுப்புங்கள். என்னோடு செய்த வேலையை ஐந்து வரியில் நினைவுபடுத்துங்கள். "தயங்காமல் எழுத முடியுமா" என்று கேளுங்கள், முடியாது என்றால் வேறு ஆளைப் பாருங்கள். ஒரு வாரம் முன்னால் நினைவூட்டுங்கள், நான் மறப்பேன். டிசம்பர் கடைசி வாரத்தை மட்டும் தவிருங்கள். அப்போது ஊரில் இருப்பேன். எங்கள் வீட்டில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும்.